ரசிகனுக்கு எந்த விசா?

2004 மார்ச்சில் வேலூரில் டிவி இருந்த டீக்கடை எல்லாவற்றிலும் கூட்டம். இந்திய அணி பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு முழுத் தொடர் ஆட பாகிஸ்தான் போயிருந்தது. மார்ச் 13, கராச்சியில் முதல் ஒருநாள் ஆட்டம். நாம் 349, அவர்கள் 344. கடைசி ஓவரை நெஹ்ரா போட்டபோது காட்பாடி கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூடக் கவனிக்காமல் மாஸ்டரும் எங்களோடு நின்று பார்த்தார். அந்தத் தொடரில் நம்ம ஊர்ப் பையன் ஒருவனும் இருந்தான். சென்னையைச் சேர்ந்த லட்சுமிபதி பாலாஜி. அவனுடைய சிரிப்புக்குப் பாகிஸ்தானில் அவ்வளவு ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஆம்பூர் அண்ணன் ஒருவர் அப்போது ஷூ கம்பெனியில் வேலை. தோல் கண்காட்சிக்காக வெளிநாடு போக எடுத்த பாஸ்போர்ட் கையில் இருந்தது. "தில்லி வரைக்கும் போயிட்டா அப்புறம் என்ன தம்பி, வாகாவுல நடந்தே லாகூர் போயிடலாம்" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. காட்பாடியில் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி ஒன்றரை நாள் பயணம் செய்து தில்லி போனார். நான்கு நாள் கழித்துத் திரும்பி வந்தார். படிவம் நிரப்பித் தரும் ஏஜென்ட் ஒருவர், எதற்காகப் போகிறீர்கள் என்ற கட்டத்தில் நின்றுவிட்டாராம். "அங்க சொந்தக்காரங்க இருக்காங்களானு கேட்டார், இல்லைன்னேன். வியாபாரமானு கேட்டார், இல்லைன்னேன். தர்காவுக்கானு கேட்டார், அதுவும் இல்லைன்னேன். மேட்ச் பாக்கனு சொன்னேன். மேட்ச் டிக்கெட் எங்கேன்னார்."

டிக்கெட் இல்லை. அந்தத் தொடருக்கு ஆட்டத்தின் டிக்கெட் வைத்திருந்த இந்தியர்களுக்குப் பாகிஸ்தான் விசா கொடுத்தது. ஆயிரக்கணக்கில் போனார்கள். ஆனால் அந்த டிக்கெட்டை ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு எப்படி வாங்குவது என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த ஏஜென்ட் கேட்ட கேள்விகளைப் பல ஆண்டுகளாக யோசித்திருக்கிறேன். உறவினர், வியாபாரி, யாத்ரீகர், நோயாளி, மாணவர், பத்திரிகையாளர், விளையாட்டு வீரர் என்று எல்லோருக்கும் விசா படிவத்தில் ஓர் இடம் இருக்கிறது. ரசிகனுக்கு இல்லை. இரண்டு நாடுகள் நன்றாக இருக்கும்போது அவன் சுற்றுலாப் பயணி என்று போய்விடுவான், யாரும் கேட்பதில்லை. உறவு கெட்டுவிட்டால் முதலில் மூடுவது சுற்றுலா விசாவைத்தான். வீரர்களை அனுப்ப வழி கண்டுபிடிப்பார்கள். ரசிகன் மட்டும் வெளியே நிற்பான்.

சொந்த நாடு போடும் பூட்டு

அனுமதி என்று பொதுவாகச் சொல்கிறோம். யாரிடம் கேட்க வேண்டிய அனுமதி என்று முதலில் பார்க்க வேண்டும். சில சமயம் தடுப்பது போகிற நாடு அல்ல, நம் நாடே.

இந்தியக் குடிமகன் வெளிநாடு போவது ஓர் உரிமை. 1967 ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அதுவும் அடக்கம். அதுவரை பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பமாக இருந்தது. தீர்ப்பு வந்த சில வாரங்களில், அதே ஆண்டு ஜூனில், பாஸ்போர்ட் சட்டம் வந்தது. பாஸ்போர்ட்டைப் பறிக்கும் முன் அந்த ஆளின் தரப்பைக் கேட்காமல் இருப்பது நியாயமான நடைமுறை ஆகாது என்பதை 1978-இல் மேனகா காந்தி வழக்கு உறுதிப்படுத்தியது. ரசிகனுக்கும் இந்த உரிமை உண்டு. எதற்காகப் போகிறாய், மேட்ச் பார்ப்பதெல்லாம் ஒரு காரணமா என்று கேட்டு நம் அரசு பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது.

ஆனால் அதே சட்டத்தில் 19-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாடு இந்தியா மீது படையெடுத்தாலோ, படையெடுப்பவருக்கு உதவினாலோ, அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தாலோ, அங்கே போவது நம் வெளியுறவுக்குப் பெரிய கேடு என்று அரசு கருதினாலோ, அந்த நாட்டுக்கு இந்திய பாஸ்போர்ட் செல்லாது என்று அறிவித்துவிடலாம். அதன்பிறகு தனி அனுமதி வாங்கியவர் மட்டுமே போகலாம். 2004-இல் லாரி ஓட்டுநர்கள் கடத்தப்பட்டபோது ஈராக்குக்கு இந்தியர்கள் போவது தடை செய்யப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே நம் பாஸ்போர்ட்டில் ஒரு நாட்டின் பெயர் பல ஆண்டுகள் இருந்தது. தென்னாப்பிரிக்கக் குடியரசுக்கு இது செல்லாது என்ற வரி. நிறவெறி ஆட்சியோடு எந்த உறவும் வேண்டாம் என்று இந்தியா முடிவெடுத்து, 1946-இலேயே வியாபாரத்தை நிறுத்தியது. அந்த வரி வேலூர் அடங்கிய பழைய வட ஆற்காடு மாவட்டத்தை நேரடியாகத் தொட்ட வரி என்பதை இங்கே உள்ளவர்களே இப்போது அதிகம் பேசுவதில்லை. 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கூலிகளை இறக்கியது. அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். அந்தக் கப்பல்களின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் மாவட்டம், தாலுகா, ஊர் எழுதியிருக்கும். வட ஆற்காடு என்ற பெயர் அதில் திரும்பத் திரும்ப வரும். ஆகவே பாஸ்போர்ட்டில் இருந்த அந்தத் தடை நம் மாவட்டத்துக்கும் அதன் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் விழுந்த தடையும்தான்.

விளையாட்டில் அதன் விலையைக் கொடுத்தவர்களும் தமிழர்கள். 1974-இல் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. ஆடுவதில்லை என்று இந்தியா முடிவு செய்தது. கோப்பை ஆடாமலே அவர்களிடம் போனது. அந்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன். அங்கே போய்ப் பார்க்க விரும்பிய ரசிகன்கூட வெள்ளையருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்த மைதானத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். டர்பன் இந்தியர்கள் அப்படி உட்கார்ந்துகொண்டு, வெளியிலிருந்து வந்த அணிக்குத்தான் கை தட்டினார்கள்.

1991-இல் தடைகள் விலகின. அந்த நவம்பரில் தென்னாப்பிரிக்க அணி கொல்கத்தாவில் ஆடியது. அடுத்த நவம்பரில், 1992-இல், இந்திய அணி டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் டெஸ்ட் ஆடியது. தன் முதல் டெஸ்டிலேயே பிரவீன் ஆம்ரே நூறு அடித்தார். கிரிக்கெட் அணி அங்கே இறங்கியபோது இரு நாட்டுக்கும் முழுத் தூதரக உறவு இன்னும் வரவில்லை. அது வந்தது 1993 நவம்பரில். வீரர்கள் முதலில், தூதர்கள் அப்புறம், ரசிகர்கள் கடைசியில் என்ற இந்த வரிசை எல்லா நாட்டிலும் திரும்ப வருகிறது.

பணத்துக்குப் போட்ட பூட்டு

கியூபா விஷயம் வேறு மாதிரி. அமெரிக்கர்கள் கியூபா போகக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். சட்டத்தைப் பார்த்தால் போவதைத் தடுக்கவில்லை, செலவு செய்வதைத் தடுத்திருக்கிறது. 1917-இல் எதிரி நாட்டோடு வியாபாரம் செய்வதைத் தடுக்க வந்த சட்டத்தின் கீழ் 1963-இல் கியூபாவுக்கான விதிகள் போட்டார்கள். ஹவானாவில் ஓட்டலுக்குக் கொடுக்கும் காசும் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் காசும் எதிரியோடு செய்த வியாபாரம். அதனால் அனுமதி கேட்க வேண்டிய இடம் வெளியுறவுத் துறை அல்ல, கருவூலத் துறை.

1999 மார்ச் 28 அன்று பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி ஹவானா போய் ஆடியது. ஃபிடல் காஸ்ட்ரோவே வந்து உட்கார்ந்து பார்த்தார். 2008 செப்டம்பர் 6 அன்று அமெரிக்கக் கால்பந்து அணி உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்துக்கு ஹவானா போனது. ஒன்றுக்கு பூஜ்யம், கோல் போட்டவர் கிளின்ட் டெம்ப்சி. 1947-க்குப் பிறகு அந்த அணி அங்கே போனது அதுதான் முதல் முறை. அணிக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. அணி எந்த ஊருக்குப் போனாலும் பின்னாலேயே போய்ப் பாடி ஆடும் ரசிகர்களுக்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை. 2015-இல் விதியைத் தளர்த்தி, கியூபா போக பன்னிரண்டு காரணங்களைப் பட்டியலிட்டார்கள். விளையாட்டுப் போட்டி அதில் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, மதம் இருக்கிறது. சுற்றுலா இல்லை. ஆடப் போகிறவருக்குக் காரணம் இருக்கிறது, ஆட்டத்தைப் பார்ப்பதற்காக மட்டும் போகிறவர் சுற்றுலாக்காரர் ஆகிவிடுகிறார். தில்லி ஏஜென்டின் பேனா நின்ற அதே கட்டம்தான் இது.

வாகாவுக்கு அந்தப் பக்கம்

பாகிஸ்தானுக்கு வருவோம். இப்போதைய இந்திய பாஸ்போர்ட்டில் பாகிஸ்தானுக்குச் செல்லாது என்ற வரி கிடையாது. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் அங்கே போக வேண்டாம் என்று கடுமையாக அறிவுறுத்தியது, வாகாவுக்கு நம் பக்கத்தில் இருக்கும் அட்டாரி சோதனைச்சாவடி மூடப்பட்டது. அதற்கு முந்தைய காலத்திலும் கஷ்டம் விசாவில்தான் இருந்தது.

இந்த இரு நாடுகளுக்கு இடையிலான விசா மற்ற விசா மாதிரி அல்ல. நாட்டுக்கு விசா தர மாட்டார்கள், ஊருக்குத் தருவார்கள். லாகூர் என்று எழுதியிருந்தால் லாகூர் மட்டும். ராவல்பிண்டி ஆட்டத்துக்கும் போக வேண்டுமென்றால் அந்த ஊரின் பெயரும் தாளில் இருக்க வேண்டும். போய் இறங்கியதும் போலீசில் பதிவு, கிளம்பும் முன் மறுபடி பதிவு. எந்த வழியாக நுழைந்தோமோ அதே வழியாக வெளியேற வேண்டும் என்பது பழைய விதி. இதெல்லாம் 1974 ஒப்பந்தத்தின் அடிப்படை. 2012 செப்டம்பரில் இஸ்லாமாபாத்தில் புது ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று ஊர் ஐந்து ஊர் ஆனது. குழுவாகப் போகும் சுற்றுலாவுக்கு முதல் முறையாக விசா என்றார்கள். 65 வயது கடந்தவர்களுக்கு அட்டாரியிலேயே விசா என்றார்கள். அது 2013 ஜனவரியில் தொடங்க வேண்டியது. அந்த மாதமே எல்லையில் பிரச்சினை வந்து அப்படியே நின்றுபோனது.

தமிழ்நாட்டுக்காரருக்கு இதில் இன்னொரு சுமை. பாகிஸ்தான் தூதரகம் தில்லியில் மட்டும்தான். அமிர்தசரஸ்காரருக்கு லாகூர் பக்கத்து ஊர். காட்பாடிக்காரர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய்த்தான் மனுவையே தொடங்க வேண்டும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1955 ஜனவரியில் இந்திய அணி லாகூரில் முதல் முறையாக டெஸ்ட் ஆடியபோது அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான பேர் தினமும் எல்லையைத் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பினார்கள். பிரிவினையின் ரத்தம் காய்ந்து எட்டு ஆண்டுகூட ஆகவில்லை. அதே சாலையில் உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அந்த நிலையிலேயே இரண்டு அரசும் கதவைத் திறந்தன என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அப்புறம் 1961-லிருந்து 1978 வரை ஆட்டமே இல்லை. பிறகு தொடங்கி, நின்று, தொடங்கி 2004-க்கு வந்தோம். முல்தானில் சேவாக் 309 அடித்தார், ராவல்பிண்டியில் திராவிட் 270 அடித்தார். அதே ராவல்பிண்டியில் பாலாஜி முதல் இன்னிங்ஸில் நான்கு விக்கெட் எடுத்தார். போய் வந்த ரசிகர்களிடம் லாகூர்க் கடைக்காரர்கள் காசு வாங்க மறுத்தார்கள் என்று அப்போதைய பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நம் பக்கமும் சும்மா இல்லை. 1999 ஜனவரி 31-ஐ மறக்க முடியுமா? சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்து, பன்னிரண்டு ரன்னில் தோற்றோம். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்த சேப்பாக்கமும் எழுந்து நின்று கை தட்டியது. காட்பாடியில் விடிகாலை ரயில் பிடித்துப் போன என் சித்தப்பா அந்தக் கூட்டத்தில் ஒருவர். தோற்றுவிட்டு ஏன் கை தட்டினீர்கள் என்று கேட்டால், "நல்லா ஆடினாங்க, தட்டினோம்" என்பார். அதற்கு மேல் அவரிடம் பதில் கிடையாது.

அந்தக் கை தட்டலைக் கேட்க அன்றைக்கு எத்தனை பாகிஸ்தான் ரசிகர்கள் அங்கே இருந்திருப்பார்கள்? டிவியில் பார்த்ததுதான்.

2008 ஜூலையில் கராச்சியில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணி அந்த மண்ணில் கடைசியாக ஆடியது அதுதான். அந்த நவம்பரில் மும்பைத் தாக்குதல். அடுத்த மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பஸ் மீதே துப்பாக்கிச் சூடு. அதன்பிறகு வேறு நாட்டு அணிகளும் பல ஆண்டுகள் போகவில்லை. 2012 டிசம்பர் 30 அன்று சேப்பாக்கத்தில் ஒருநாள் ஆட்டம் நடந்தது, தோனி ஆட்டமிழக்காமல் 113. அந்தத் தொடருக்குப் பாகிஸ்தான் ரசிகர்களுக்கு இந்தியா விசா கொடுக்க முன்வந்தது. திரும்பிப் போகும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், ஆட்டத்தின் டிக்கெட் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. முன்பு மேட்ச் பார்க்க வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகாமல் காணாமல் போனார்கள் என்ற புகார் இருந்தது. அரசின் அந்தப் பயத்தை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. மைதானத்தில் குண்டு வெடித்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

2023 உலகக் கோப்பைக்குப் பாகிஸ்தான் அணி வந்தது. அணிக்கே விசா கிளம்பும் நேரத்தில்தான் கைக்கு வந்தது. பத்திரிகையாளர்களுக்குத் தாமதம், ரசிகர்களுக்கு எந்த வழியும் அறிவிக்கப்படவில்லை என்று அவர்களுடைய வாரியம் ஐசிசியிடம் புகார் கொடுத்தது. சேப்பாக்கத்தில் அக்டோபர் 27 அன்று தென்னாப்பிரிக்காவோடு ஒரே ஒரு விக்கெட்டில் தோற்றார்கள். உலகக் கோப்பையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஆட்டம். அவ்வளவு பெரிய மைதானத்தில் பச்சை பனியன் போட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

2025 சாம்பியன்ஸ் டிராபியைப் பாகிஸ்தான் நடத்தியது. இந்தியா தன் ஆட்டங்களை துபாயில் ஆடியது. 2026 டி20 உலகக் கோப்பையை இந்தியாவும் இலங்கையும் நடத்தும்போது பாகிஸ்தானின் ஆட்டங்கள் இலங்கைக்குப் போயின. மூன்றாவது நாட்டில் ஆடுவது இப்போது ஏற்பாடாகவே ஆகிவிட்டது. 2025 ஆகஸ்டில் விளையாட்டு அமைச்சகம் கொள்கையாகவும் அறிவித்துவிட்டது: இரு நாடுகள் மட்டும் ஆடும் தொடர் இல்லை, பல நாடுகள் ஆடும் போட்டியில் ஆடுவோம். வீரர்களுக்கு இது ஒரு தீர்வு. ரசிகர்களில் இது வசதி உள்ளவர்களுக்கு மட்டும்தான் தீர்வு. துபாய் விமான டிக்கெட்டும் ஓட்டல் வாடகையும் கொடுக்க முடிந்தவர் பார்க்கலாம். வாகாவில் நடந்து போகலாம் என்று கேரளா எக்ஸ்பிரஸ் ஏறியவர் மாதிரியான ஆட்களுக்கு அங்கே இடம் இல்லை.

டென்னிஸில் ஒரு முறை கதவு திறந்தது. 2024 பிப்ரவரியில் டேவிஸ் கோப்பை ஆட்டத்துக்கு இந்திய அணி இஸ்லாமாபாத் போனது. அறுபது ஆண்டுகளில் முதல் முறை. சென்னையின் ராம்குமார் ராமநாதன் முதல் ஆட்டத்தில் ஐசாம் உல் ஹக் குரேஷியை வென்றார், கோவையின் ஸ்ரீராம் பாலாஜி அடுத்த ஆட்டத்தை வென்றார். முடிவு 4-0. இரண்டு தமிழர்கள் தொடங்கி வைத்த வெற்றி அது, தமிழ்நாட்டில் அன்றைக்கு எத்தனை பேர் கவனித்தார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இவ்வளவு கெட்ட உறவிலும் அணிக்கு விசா கிடைத்தது எப்படி? போகாவிட்டால் ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று சர்வதேச டென்னிஸ் அமைப்பின் விதி இருந்தது. வீரருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நிற்கிறது. ரசிகனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

வேலூருக்குத் தெரிந்த சங்கதி

விசா மூடினால் என்ன ஆகும் என்பதை வேலூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி காந்தி ரோடு பக்கம் போனால் கடை போர்டுகளில் வங்காள எழுத்து. மீன் குழம்பு சாப்பாடு, வங்காளம் பேசும் மருந்துக்கடைப் பையன்கள். வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளிகளும் கூட வருபவர்களும் இந்த ஊரின் லாட்ஜ்களுக்கு முக்கியமான வருமானம். வெளிநாட்டவர் தங்கினால் அதிகாரிகளுக்குப் படிவம் போட்டுத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே லாட்ஜ் கவுண்டரில் நிற்கும் பையனுக்கும் மனப்பாடம். 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்து, இந்தியா வங்கதேசத்தவருக்கு விசாவைச் சுருக்கியபோது அந்தத் தெருக்கள் வெறிச்சோடியதை எல்லோரும் பார்த்தோம். அவசர சிகிச்சைக்கு மட்டும் கொஞ்சம் விசா கொடுத்தார்கள். விசா சுருங்கியிருந்த அந்தச் செப்டம்பரில்தான் சேப்பாக்கத்தில் இந்தியா வங்கதேச டெஸ்ட் நடந்தது. அஸ்வின் நூறும் அடித்து ஆறு விக்கெட்டும் எடுத்த ஆட்டம்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2023 அக்டோபர் 13 அன்று, அதே சேப்பாக்கத்தில் வங்கதேசமும் நியூசிலாந்தும் உலகக் கோப்பையில் ஆடின. எங்கள் தெருவுக்கு அடுத்த லாட்ஜில் தங்கியிருந்த இரண்டு பேர், ஒருவர் அப்பாவுக்கும் ஒருவர் அக்காவுக்கும் துணையாக வந்தவர்கள், காலையில் காட்பாடியில் ரயில் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு ராத்திரி வந்தார்கள். அடுத்த நாள் டீக்கடையில் அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். தோற்றுத்தான் வந்திருந்தார்கள். அவர்கள் பாஸ்போர்ட்டில் இருந்தது நோயாளியின் துணைக்கு வருபவர் விசா. ரசிகன் பெரும்பாலும் இப்படித்தான் எல்லை தாண்டுகிறான், வேறொரு ஆளின் சட்டையைப் போட்டுக்கொண்டு. கராச்சியில் மதராஸி பாரா என்று ஒரு தமிழ்க் குடியிருப்பு இருக்கிறது, மாரியம்மன் கோயிலோடு. அங்கே சொந்தம் இருக்கிற தமிழர் ஒருவர் உறவினர் விசாவில் போனால் கராச்சி மைதானத்துக்கும் போய் வரலாம். சொந்தம் இல்லாதவர் போக முடியாது.

உலகத்தில் சிலர் ரசிகனுக்கென்றே தாள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2018-இல் ரஷ்யா கால்பந்து உலகக் கோப்பைக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தது, அதுவே விசா. 2022-இல் கத்தார் ஹய்யா அட்டை கொடுத்தது. இஸ்ரேலோடு தூதரக உறவே இல்லாத கத்தாருக்கு அந்த அட்டையோடு இஸ்ரேலியர்கள் டெல் அவிவிலிருந்து நேரடி விமானத்தில் போய் இறங்கினார்கள். உறவே இல்லாத நாடுகளுக்கு இடையிலும் இது நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அமெரிக்கா அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. 2025 ஜூனில் பன்னிரண்டு நாட்டவருக்குத் தடை போட்டபோது 2026 கால்பந்து உலகக் கோப்பைக்கு வரும் வீரர்கள், பயிற்சியாளர்கள், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தினர் ஆகியோருக்கு விலக்கு கொடுத்தது. ஈரான் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அந்த அணி உலகக் கோப்பைக்குத் தகுதியும் பெற்றது. ரசிகர்களுக்கு விலக்கு இல்லை.

நமக்கு ரஷ்யாவையும் கத்தாரையும் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை. நம்மிடமே ஒன்று இருக்கிறது. 1974-இல் இந்தியாவும் பாகிஸ்தானும் வழிபாட்டுத் தலங்களுக்குப் போய்வர ஓர் உடன்பாடு செய்துகொண்டன. நன்கானா சாஹிபுக்கு சீக்கியர்கள், கட்டாஸ் ராஜ் கோயிலுக்கு இந்துக்கள், அஜ்மீருக்கும் நிஜாமுத்தீனுக்கும் அங்கிருந்து முஸ்லிம்கள். எந்தத் தலம், எந்தத் திருவிழா, எத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. குழுவாகப் போக வேண்டும், குழுவாகத் திரும்ப வேண்டும். பட்டியல் ஒரு அரசிடமிருந்து இன்னொரு அரசுக்குப் போகும். 1971 போர் முடிந்து மூன்றே ஆண்டில் செய்த உடன்பாடு. அதன் பலத்தைப் பாருங்கள்: பஹல்காம் நடந்து, மே மாதம் இரண்டு பக்கமும் ஏவுகணை வீசிக்கொண்ட 2025-ஆம் ஆண்டிலேயே, நவம்பரில் குருநானக் ஜெயந்திக்கு சுமார் 2,100 இந்திய சீக்கியர்களுக்குப் பாகிஸ்தான் விசா கொடுத்தது. அட்டாரி கேட்டை அவர்களுக்காகத் திறந்தார்கள். எழுதி வைத்த ஏற்பாடு இருந்ததால், நாள் வந்தபோது அதைப் பிடித்துக்கொண்டு கேட்க முடிந்தது.

கிரிக்கெட்டுக்கு அப்படி எதுவும் எழுதி வைக்கவில்லை. 1955, 2004, 2012 எல்லாம் அந்தந்த நேரத்து மனநிலையில் கொடுத்த சலுகைகள். மனநிலை மாறியதும் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. யாத்திரைக்குப் போட்டது மாதிரி ஓர் உடன்பாட்டை ஆட்டத்துக்கும் போட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. இன்றைக்கே அமலுக்கு வராது, தெரியும். ஆட்டம் மறுபடி தொடங்கும் நாளில் முதல் தொடருக்கே அது தயாராக இருக்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு எதிர்நாட்டு ரசிகர் இத்தனை பேர் என்று எண்ணிக்கை. டிக்கெட்டிலேயே பாஸ்போர்ட் எண். விண்ணப்பித்தவரைப் பற்றி அவர் ஊர் போலீசே விசாரித்துக் கொடுக்கும் அறிக்கை. மனு கொடுக்க தில்லிக்குப் போக வேண்டாம், ஆன்லைனில் போதும். பாகிஸ்தானில் இருக்கும் சீக்கியத் தலத்துக்குப் போய்வர 2019 நவம்பரில் திறந்த கர்தார்பூர் வழித்தடம் ஏறக்குறைய இப்படித்தான் நடந்தது. இணையத்தில் பதிவு, விசாரணை, 20 டாலர் கட்டணம், விசா இல்லை, காலையில் போய் மாலையில் திரும்பிவிட வேண்டும். 2025 மே மாதம் நம் பக்கத்தில் மூடும் வரை ஓடியது. லாகூர் வாகாவிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். பகல் ஆட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் அமிர்தசரஸ் திரும்பிவிடலாம். ராத்திரி தங்குவதும் இல்லை, காணாமல் போவதும் இல்லை.

ஆம்பூர் அண்ணனிடம் இந்தக் கணக்கை ஒருநாள் சொன்னேன். இப்போது அவருக்கு மூன்றாவது பாஸ்போர்ட். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காட்பாடியிலிருந்து அமிர்தசரஸுக்கு நேர் ரயில் இருக்கிறதா என்று கேட்டார். தில்லியில் இறங்கி மாறிக்கொள்ளலாம் என்றேன்.